பைலட் டிராக்கைப் பதிவு என்று நம்பாதீர்கள்

அந்தப் பெரியவர் சொன்ன தெருவின் பெயர் 'ந' என்ற ஒலியில் தொடங்குகிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவர் அடையாறில் தனியாக இருந்தவர். மகள் நியூஜெர்சியில். இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல் அப்பாவை வீடியோ காலில் உட்காரவைத்துப் பழைய கதைகளைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் மறக்காமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தியிருக்கிறார் அந்தப் பெண். முப்பத்தெட்டு மணி நேரம். சதாபிஷேகத்தன்று அரை மணி நேரப் படமாகப் போட்டுக் காட்டவேண்டும் என்பது எண்ணம். நாள் பார்த்து, மண்டபம் பேசிய பிறகு அப்பா போய்விட்டார். வருஷ திதிக்குள்ளாவது படம் முடியவேண்டும் என்று அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மந்தைவெளியில் இருக்கும் என் எடிட்டிங் அறைக்கு வந்தார்.

"சார், எங்கப்பா பேசினது மொத்தமும் இதுல இருக்கு. நீங்க தெளிவா எடுத்துக் குடுத்தாப் போதும்" என்றார்.

பதினேழாவது மணி நேரத்தில் பெரியவர் தன் தாத்தா கட்டிய வீட்டைப் பற்றிப் பேசுகிறார். பின்கட்டுக் கிணறு, முற்றத்தில் மழை விழும் சத்தம், மாடிப்படிக்கு அடியில் நெல் குதிர் என்று ஒவ்வொன்றாக வருகிறது. "தி.நகர்ல, ந…" என்று ஆரம்பிக்கிறார். அந்த இடத்தில் குரல் ரப்பர் மாதிரி இழுபடுகிறது, அறுபடுகிறது, திரும்பி வரும்போது "…தெரு" என்று முடிகிறது. நடேசன் தெருவா, நாதமுனி தெருவா, நானா தெருவா? குறிலா நெடிலா என்று தெரிந்தால் ஒன்றையாவது கழிக்கலாம். அதுவும் முடியாது. ஏனென்றால் அந்த இழுப்பு அவர் இழுத்தது இல்லை. வந்து சேராத ஒலித் துண்டுக்குப் பதிலாக, அதற்கு முந்தைய துண்டை நீட்டி ஒட்டி மென்பொருள் செய்துகொண்ட இட்டுநிரப்பல். உடன்பிறந்தவர்கள் எல்லோரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். வீடு கைமாறி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அந்தப் பெண் மீது ஒரு தவறும் இல்லை. எல்லோரும் சொல்வதைத்தான் அவர் நம்பினார். "வீடியோ கால்ல ரெக்கார்ட் பண்ணிட்டாப் போதும், மிச்சத்தை எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்பது இன்று மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாறிலும் சாதாரண வீட்டுப் பேச்சு. சதாபிஷேகப் படம் எடுப்பவர்கள் சொல்கிறார்கள், யூடியூபில் பேட்டி போடுபவர்கள் சொல்கிறார்கள், ஆன்லைனில் பாட்டு கற்றுக்கொடுப்பவர்கள் சொல்கிறார்கள். எடிட்டர்கள் பலரும் தலையாட்டுகிறார்கள். நான் மறுக்கிறேன். காலில் பதிவாவது பதிவே இல்லை. அதை நம்பி இருந்துவிட்டால், பிள்ளைகள் கடல் கடந்து போன இந்தப் பேட்டைகளில், ஒரு தலைமுறையின் குரலை நாம் கையில் இருக்கும்போதே தொலைத்துவிடுவோம்.

கோடம்பாக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். நம் சினிமாவில் வெகுகாலம் படப்பிடிப்பில் எடுத்த ஒலிக்கு 'பைலட் டிராக்' என்று பெயர். ஜெனரேட்டர் உறுமலும் கூட்டத்தின் பேச்சும் சேர்ந்து கிடக்கும் அந்த ஒலியை யாரும் படத்தில் வைக்க மாட்டார்கள். நடிகர் என்ன பேசினார், எந்த இடத்தில் மூச்சு விட்டார் என்று பார்த்துக்கொள்ள அது ஒரு வழிகாட்டி. பிறகு டப்பிங் தியேட்டரில் அவரை நிற்கவைத்து மறுபடி பேசவைப்பார்கள். படப்பிடிப்பில் பேசிய குரலே படத்தில் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்த 'விருமாண்டி' (2004) போன்ற படங்களுக்கு, அதற்கென்று தனி ஏற்பாடுகள் வேண்டியிருந்தன. வீடியோ காலில் ரெக்கார்ட் ஆவது பைலட் டிராக். என்ன பேசினோம் என்பதற்கான குறிப்பு. ஆனால் நடிகரை மறுபடி அழைக்கலாம். எண்பது வயதுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதையோ நினைத்து, கண் கலங்கி, குரல் தாழ்ந்து சொன்னதை மறுபடி டப்பிங் பேசச் சொல்ல முடியாது.

"அதெல்லாம் அந்தக் காலத்து நெட். இப்ப ஃபைபர், நூறு எம்பி, இருநூறு எம்பி வருது" என்கிறார்கள். நெட்டின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. நீங்கள் ஒரு படத்தை டவுன்லோட் செய்யும்போது நடுவில் ஒரு துண்டு தொலைந்தால், கம்ப்யூட்டர் அதை மறுபடி கேட்டு வாங்கிவிடும். அரை நொடி தாமதம் ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. பேச்சில் அந்த அரை நொடிக்கு இடமே இல்லை. ஒருவர் பேசியது மற்றவர் காதை அடைய 150 மில்லி செகண்டுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதற்கு மேல் போகப் போக இருவரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் விழ ஆரம்பிப்பார்கள். அதனால் காலுக்கான மென்பொருள் ஒலியை மிகச் சிறிய துண்டுகளாக, வழக்கமாக 20 மில்லி செகண்ட் அளவில், நறுக்கி அனுப்புகிறது. தாமதமாக வந்த துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தை ஊகித்து நிரப்புகிறது. பேசுவதற்கு இதுதான் சரி. அதைச் செய்த பொறியாளர்கள் அற்புதமான வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்தது இப்போதே பேசுவதற்கான கருவி. இருபது வருடம் கழித்துக் கேட்பதற்கு ஒன்றைச் செய்திருந்தால் வேறு மாதிரிச் செய்திருப்பார்கள்.

தமிழுக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கிறது. 'ட', 'த', 'க' போன்ற ஒலிகளின் வெடிப்பு சில பத்து மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். ஒன்றிரண்டு துண்டு தொலைந்தால் கட்டியதா கத்தியதா என்று தெரியாது. பல்லியும் பள்ளியும், கரையும் கறையும், வாளையும் வாழையும் பிரிவது ஒலியின் மிக நுணுக்கமான அசைவில். நேரில் பேசும்போது உதடும் முகமும் ஓரளவு உதவும். 640-க்கு 360 புள்ளி அளவில், அதுவும் பாதி நேரம் கட்டம் கட்டமாக உடைந்து வரும் படத்தில், உதட்டை எங்கே பார்ப்பது?

இதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. நம் ஊரில் கதை கேட்பவர் 'உம்' கொட்டவேண்டும். உம் கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிட்டு "தூங்கிட்டியா?" என்று கேட்பாள். அந்த 'உம்'தான் சொல்பவருக்கு எரிபொருள். காலில் என்ன நடக்கிறது? எதிரொலி வரக்கூடாது என்பதற்காக, இருவர் குரலும் ஒரே நேரத்தில் எழுந்தால் மென்பொருள் ஒன்றைத் தாழ்த்துகிறது. மகள் அன்போடு ஒவ்வொரு முறை "ம்… அப்புறம்?" என்னும்போதும் அப்பாவின் ஒரு சொல் நசுங்குகிறது. முப்பத்தெட்டு மணி நேரத்திலும் இதை நான் கேட்டேன். மகள் நன்றாகக் கேட்ட இடங்களில்தான் பதிவு மோசமாக இருந்தது. உம் கொட்டினால் பதிவு கெடும், கொட்டாவிட்டால் கதை நிற்கும். காலையே பதிவாக வைத்துக்கொள்ளும் வரை இதிலிருந்து மீள வழி கிடையாது.

"ஜூம்லயே ஒவ்வொருத்தர் ஆடியோவும் தனித்தனி ஃபைலா சேமிக்கற வசதி இருக்கே" என்று சில எடிட்டர்கள் சொல்வார்கள். இருக்கிறது, நானும் பயன்படுத்தியிருக்கிறேன். அது தருவது உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்த குரலை. வழியில் தொலைந்தது தனி ஃபைலிலும் தொலைந்ததுதான். ஓபிஎஸ் மென்பொருளைப் போட்டுத் திரையை எவ்வளவு உயர்ந்த தரத்தில் பிடித்தாலும் அதே கதை. மங்கலான போட்டோவை விலை உயர்ந்த காகிதத்தில் பிரிண்ட் போடுவது போன்ற வேலை அது.

பாட்டு வாத்தியார்களிடம் கேளுங்கள், அவர்கள் இதை முதலிலேயே கண்டுகொண்டார்கள். 2020-இல் ஊரடங்கு வந்து மயிலாப்பூர் வீடுகளின் கூடங்களெல்லாம் ஆன்லைன் வகுப்பாக மாறியபோது, குரு பக்கத்தில் தம்புரா ஒலிக்கும், அமெரிக்காவில் இருக்கும் சிஷ்யைக்குக் கேட்காது. காரணம் எளிமையானது. இரைச்சலை நீக்கும் மென்பொருளுக்கு, ஏற்ற இறக்கமில்லாமல் தொடர்ந்து வரும் எந்த ஒலியும் ஃபேன் சத்தம். தம்புராவின் பெருமையே அது தொடர்ந்து ஒலிப்பதில் இருக்கிறது. அதனால் ஸ்ருதியைத் துடைத்துவிட்டுப் பாட்டை மட்டும் அனுப்பியது. நீண்ட கார்வை வந்தால் அதையும் பாதியில் விழுங்கியது. புகார்கள் பெருகி, அதே வருடம் ஜூம் இசைக்கலைஞர்களுக்கென்று ஒலியை உயர்ந்த தரத்தில் அனுப்பும் அமைப்பைக் கொண்டுவந்தது. அது நிச்சயம் உதவுகிறது. ஆனாலும் வழியில் துண்டு தொலைவதை அது தடுக்காது.

அந்த மார்கழியில் சபாக்கள் என்ன செய்தன என்று நினைத்துப் பாருங்கள். நகரத்துச் சபாக்களின் கூட்டமைப்பு 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்று இணையத்தில் சீசன் நடத்தியது. வித்வான்களை வீட்டிலிருந்து காலில் பாடச்சொல்லி அதை ரெக்கார்ட் செய்து போடவில்லை. மேடையில் உட்காரவைத்து, மைக் வைத்து, கேமரா வைத்துப் பிடித்து, பிறகு வெளியிட்டார்கள். கேட்டுவிட்டு எழுந்துபோகும் கச்சேரிக்கே அத்தனை கவனம் எடுத்துக்கொண்டோம். வீட்டுப் பெரியவரின் ஒரே சாட்சியத்துக்கு ஒரு பட்டன் போதும் என்கிறோம்.

"பழைய ரெக்கார்டெல்லாம் கரகரன்னு தானே இருக்கு, அதை ரசிச்சுக் கேக்கலையா?" என்று ஒரு நண்பர் என்னோடு வாதாடினார். நல்ல கேள்வி. 1932-இல் கொலம்பியா கம்பெனி எடுத்த வீணை தனம்மாளின் இசைத்தட்டுகளை இன்றும் கேட்கிறோம். ஊசி உராயும் சத்தம் இருக்கிறது, ஒரு பக்கத்துக்குச் சில நிமிடத்துக்கு மேல் இடமில்லை. ஆனால் அந்த இரைச்சல் வீணையின் மேல் வந்து படிந்தது. கீழே மீட்டு இருக்கிறது, கமகம் இருக்கிறது, விரல் நகரும் இடம்கூட இருக்கிறது. மண் படிந்த விக்ரகத்தைக் கழுவி எடுக்கலாம். மூக்கு உடைந்த விக்ரகத்தை என்ன செய்வது? காலின் பதிவில் இரைச்சல் குறைவு, உண்மைதான். குரலோடு சேர்த்துத் துடைத்திருப்பதால் குறைவு. அடையாறு பெரியவர் வீட்டருகே மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்தது. துளைபோடும் சத்தம் பதிவில் ஒரு இடத்திலும் கேட்கவில்லை. அதற்குப் பதில், மெஷின் ஓடிய நேரமெல்லாம் அவர் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. துளைபோடும் சத்தத்தோடு சேர்ந்து அவர் குரல் முழுசாகக் கிடைத்திருந்தால் நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பேன்.

கடைசியாக எல்லோரும் வந்து நிற்கும் இடம்: "இப்ப ஏஐ இருக்கே சார், சரி பண்ணிடாதா?"

செய்து பார்த்தேன். தெருவின் பெயர் விழுந்த அந்த ஒன்றரை நொடியை, குரலைச் சீராக்கும் ஒரு மென்பொருளில் கொடுத்தேன். வந்த ஒலி சுத்தமாக, ஸ்டூடியோவில் பேசியதுபோல் இருந்தது. பெரியவர் தெளிவாகச் சொல்கிறார்: "தி.நகர்ல, நல்ல தெரு." மகள் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். "அப்பா குரல் தான் சார். ஆனா அப்பா இதைச் சொல்லலை" என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. இந்தக் கருவி தொலைந்ததைக் கண்டுபிடிக்காது. அந்த இடத்தில் பொதுவாக என்ன வரக்கூடும் என்று கணித்து, இறந்தவரின் குரலிலேயே பேசிக் காட்டும். ஃபேன் சத்தத்தைக் குறைக்க அதை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். சாட்சியத்தில் சொல் விழுந்த இடத்தை அதைக்கொண்டு நிரப்புவது பொய்க் கையெழுத்துக்குச் சமம். அந்தத் துண்டை நான் அப்போதே அழித்துவிட்டேன். படத்தில் வைத்திருந்தால், பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் தாத்தா சொன்ன வார்த்தை ஆகியிருக்கும்.

சரி, வயதானவர்களை மைக்கும் லைட்டும் வைத்துப் பயமுறுத்தச் சொல்கிறாயா என்றால், இல்லை. மகளோடு பேசுவதாக நினைத்துத்தான் அடையாறு பெரியவர் மனம் திறந்தார். கேமராமேன் முன்னால் அந்தக் கிணறு வந்திருக்காது. கால் இருக்கட்டும், பேச்சு அப்படியே நடக்கட்டும். பதிவை மட்டும் காலிலிருந்து பிரித்துவிடுங்கள். அமெரிக்க வானொலிக்காரர்கள் பல காலமாக இப்படித்தான் செய்கிறார்கள். பேட்டி எடுப்பவர் தொலைபேசியில் பேசுவார், பதில் சொல்பவர் அருகில் ஒருவர் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருப்பார், பிறகு இரண்டு டேப்பையும் சேர்த்து வெட்டுவார்கள். ரிவர்சைட் போன்ற சேவைகள் இன்று இதையே பிரவுசரில் செய்கின்றன. ஒவ்வொருவர் கருவியிலும் தனியாகப் பதிந்துகொண்டு, அந்த முழுப் பதிவை மெதுவாக மேலேற்றுகின்றன. அதற்குக்கூடப் போகவேண்டாம். இன்னொரு போன் போதும்.

போன மாதம் லஸ் பக்கத்தில் ஒரு வீட்டில் இதைச் செய்துவைத்தேன். மாமிக்கு எண்பத்து மூன்று வயது, மகன் சிட்னியில். கால் பேச லேப்டாப். மேஜை மேல் மடித்த துண்டு, அதன் மேல் எதிர் ஃபிளாட் பையனின் போன், மாமி வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி. துண்டு எதற்கென்றால், மேஜையில் டம்ளர் வைத்தால் இடி விழுந்த மாதிரிப் பதிவாகும். போன் ஏரோபிளேன் மோடில் இருந்தது. இல்லாவிட்டால் நடுவில் வரும் ஒரு அழைப்பு பதிவை நிறுத்திவிடும். மாமி இயர்போன் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்றார், லேப்டாப்பின் சத்தத்தைக் குறைத்து வைத்தோம். ஃபேனை நிறுத்தியதற்குத்தான் கோபப்பட்டார். ஒன்பது மணிக்கு மேல் என்பதால் குக்கர் விசில் தொந்தரவு இல்லை. பதிவு செய்கிறோம் என்பதை முதலில் சொல்லி, சம்மதம் கேட்டுக்கொண்டோம், அதைச் செய்யாமல் பட்டனைத் தொடக்கூடாது. பிறகு மாமி மூன்று முறை கை தட்டினார். மகன் பக்கத்திலும் தனியாக ஒரு போன் ஓடிக்கொண்டிருந்தது. கோடம்பாக்கத்தின் கிளாப் போர்டு செய்யும் வேலையை அந்தக் கைதட்டல் செய்துவிடும், இரண்டு பக்கத்து ஒலியையும் நான் அதைவைத்துப் பொருத்திக்கொள்வேன். முடியும்போது இன்னொரு முறை தட்டச் சொன்னேன். ஏனென்றால் இரண்டு போன்களின் கடிகாரமும் ஒரு மணி நேரத்தில் சில பிரேம் அளவு விலகிப்போகும்.

முகமும் வேண்டுமென்றால் அதே போனில் வீடியோ எடுக்கலாம். அமைப்பு இருந்தால் நொடிக்கு 25 பிரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப் லைட்டின் கீழ் படத்தில் பட்டை ஓடுவது குறையும். ஒலி மட்டும் போதுமென்றால் வேவ் ஃபைல், 48 கிலோ ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 346 எம்பி வரும். அனுப்பும்போது வாட்ஸாப்பில் வீடியோவாகப் போட்டால் அது இன்னொரு முறை நசுக்கிவிடும். டாக்குமென்ட்டாகப் போட்டால் 2 ஜிபி வரை அப்படியே போகும். இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் மாமி வீட்டில் ஆன செலவு எதுவுமில்லை. சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக் ஒன்று ரிச்சி தெருவில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. இல்லாவிட்டாலும் குறைவில்லை.

மாமியின் பதிவில் ஒரு இடத்தில் கபாலி கோயில் வடக்கு மாட வீதியில் இருந்த ஒரு பாத்திரக்கடைக்காரரின் பெயரைச் சொல்கிறார். தெருவில் ஆட்டோ ஹாரன் அடிக்கிறது, மகன் அதே நேரத்தில் "ம்… ம்…" என்கிறார். பெயர் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்கிறது.

2020-இல் வேறு வழியில்லாமல் எடுத்த கால் பதிவுகள் உங்களிடம் இருந்தால் அவற்றை அழித்துவிடாதீர்கள். குறிப்பாகவாவது உதவும், என் கையில் இருக்கும் முப்பத்தெட்டு மணி நேரம் போல. ஆனால் சொன்னவர் இன்னும் இருக்கிறார் என்றால், முக்கியமான கதைகளை மறுபடி கேளுங்கள். அந்தப் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டேன். வீட்டைப் பற்றிய இடத்தில் கீழே 'தி.நகர்' என்று மட்டும் எழுத்து ஓடுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவரை இந்த ஞாயிறு அழைப்பதற்கு முன்னால், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அவர் எதிரே இன்னொரு போனை வைக்கச் சொல்லுங்கள்.